ஈரக்கைக்குத் திறக்காத கண்ணாடி

போன மாதம் ஒரு காலை, கோரமண்டல் ஸ்டேஷனில் பெங்களூர் ரயில் ஏறி உட்கார்ந்தபோது, என் போன் தானாகவே ஒரு படம் செய்து எனக்குக் காட்டியது. நான் எதையும் கேட்கவில்லை. மணி பார்க்கத்தான் பையிலிருந்து எடுத்தேன். திரையின் நடுவில் ஒரு கட்டம் இருந்தது. அதில் "உங்கள் இனிய தருணங்கள்" என்று தமிழில் எழுதியிருந்தது. விரல் பட்டுவிட்டது. உடனே கிட்டார் சத்தம் பெட்டி முழுக்கக் கேட்டது. படங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. ஒரு பாடை. மாலைகள். மொட்டைத் தலையோடு நான். தோண்டின குழி. கடைசியாக மூக்கில் பஞ்சு வைத்த என் அப்பாவின் முகம். அதைச் சுற்றி நட்சத்திரங்கள் மினுமினுத்தன.

பக்கத்தில் இருந்தவர் எட்டிப் பார்த்தார்.

"யாருங்க, அப்பாவா?"

"ஆமாங்க."

"நல்லா எடுத்துக்கீறீங்க," என்றார்.

சத்தத்தை எப்படி நிறுத்துவது என்று தெரியாமல் போனைச் சட்டைக்குள் போட்டு இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டேன். வயிற்றிலும் கிட்டார் வாசித்தது. எனக்கு வாயில் எச்சில் ஊறிக் குமட்டியது. பங்காருபேட்டை வரும்வரை கதவுப் பக்கம் போய்க் காற்றில் நின்றேன்.

இந்தப் போன் என் அக்கா கொடுத்தது. அவள் குவைத்தில் ஒரு வீட்டில் சமையல் வேலை செய்கிறாள். நாலு வருடத்துக்கு முன்னால், விடுமுறையில் ஊர் திரும்பிய ஒரு அம்மாவிடம் கொடுத்தனுப்பினாள். அப்பாவும் அவளும் முகம் பார்த்துப் பேச வேண்டும் என்பதற்காக. அவள் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கின சாமான் என்பதால் அதைப் பற்றிக் குறை பேச எனக்கு வாய் வந்ததில்லை. இப்போதுதான் எழுதுகிறேன்.

முன்பக்கமும் கண்ணாடி, பின்பக்கமும் கண்ணாடி. பிடித்துக்கொள்ள ஒரு இடம் கிடையாது. ஊறின சோப்புக்கட்டி மாதிரி கையை விட்டு நழுவப் பார்க்கும். பின்னால் மூன்று கண்கள் புடைத்துக்கொண்டு நிற்கும். மேசைமேல் வைத்தால் அந்தக் கண்களின் மேல்தான் அது சாய்ந்து உட்காரும். அதற்கு முன்னால் என்னிடம் இருந்தது பட்டன் போன். ஐந்து என்ற எண்ணின் மேல் ஒரு சின்ன மேடு இருக்கும், கண்ணை மூடிக்கொண்டே அடிக்கலாம். கீழே விழுந்தால் மூன்று துண்டாகப் போகும். சேர்த்து மாட்டினால் ஒன்றும் நடக்காதது மாதிரி பேசும். இது விழுந்தால் வீடே செத்த வீடு போல ஆகிவிடும். மூடியைத் திறக்க முடியாது, பேட்டரியைக் கழற்ற முடியாது. உள்ளே என்ன இருக்கிறது என்று சொந்தக்காரனுக்கே காட்டாத ஒரு சாமானை நான் அதுவரை பார்த்ததில்லை.

நான் பெங்களூரில் ஒரு கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறேன். காலையில் தண்ணீரில் விட்ட கையைச் சாயங்காலம்தான் எடுப்பேன். என் விரல் நுனிகள் எப்போதும் வெளுத்துச் சுருங்கி இருக்கும். அந்த விரலை இந்தக் கண்ணாடி மதிப்பதே இல்லை. தேய்த்தாலும் தட்டினாலும் பேசாமல் கிடக்கும். இதைச் செய்தவன், உலகத்தில் எல்லோருடைய கையும் காய்ந்து, மெத்தென்று, வேலை இல்லாமல் இருக்கும் என்று நினைத்துவிட்டான் போல. ஆனால் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் மட்டும் பேய் பிடித்தது மாதிரி தானாகவே ஏதேதோ திறக்கும், மூடும். என் விரலைத் தெரியாத அந்தக் கண்ணாடிக்குத் தண்ணீரைத் தெரிகிறது.

அழுக்கைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. வெயிலில் சாய்த்துப் பிடித்தால் அத்தனையும் தெரியும். வீட்டில் எல்லோருடைய கட்டைவிரலும் வரிவரியாக அதில் படிந்திருக்கும். குழம்பு, தேங்காய் எண்ணெய், மூக்குச் சளி. என் மனைவியின் தம்பி எங்களோடுதான் இருக்கிறான். அவன் போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டால் என்னுடையதை எடுத்துக்கொண்டு கக்கூசுக்குப் போவான். வந்து அதை அப்படியே சோற்றுத் தட்டின் பக்கத்தில் வைப்பான்.

"இன்னா மச்சான், கக்கூசுக்குக் கூடவா?" என்று ஒரு நாள் கேட்டுவிட்டேன்.

"அங்கதான் மாமா டவர் நல்லா கெடைக்குது."

"டேய், அந்தக் கையால என் பிள்ளைக்கு சோறு ஊட்டின, வெளக்குமாத்தால அடிப்பேன்," என்றாள் என் மனைவி. சொல்லிவிட்டு அவளும் சிரித்தாள். நான் அன்று சாப்பிடவில்லை.

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். எங்கள் ஊர்த் தங்க மைன்ஸில் அண்டர்கிரவுண்டில் டிரில் பிடித்தவர். ஒரு தடவை வெடி முந்திக்கொண்டு வெடித்துக் கல்தூள் இடது கன்னத்தில் ஏறிவிட்டது. ஆஸ்பத்திரியில் எடுத்ததுபோக மீதி உள்ளேயே தங்கிவிட்டது. கடுகு சிந்தினது மாதிரி கருநீலப் புள்ளிகள், கண்ணுக்குக் கீழே ஆரம்பித்துத் தாடை வரைக்கும். சின்ன வயதில் நைனா ஷிஃப்ட் முடிந்து குளித்துவிட்டு வந்ததும், அக்கா அவர் கன்னத்துக்கு எண்ணெய் தடவுவாள். கண்ணை மூடிக்கொண்டு விரலால் ஒவ்வொரு புள்ளியாகத் தடவிப் பார்த்து, "இது பெருசு, இது குட்டி, தோ இது பல்லு வலி புள்ளி" என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் சொல்வாள். நைனா அசையாமல் உட்கார்ந்திருப்பார். என்னைத் தொட விடமாட்டாள்.

வெள்ளிக்கிழமைதான் அவளுக்கு அங்கே கொஞ்சம் ஓய்வு. அன்றுதான் வீடியோ கால். நைனாவுக்கு அது கடைசிவரை பிடிபடவில்லை. போன் என்றால் காதில் வைப்பதுதானே. காதோடு ஒட்டிக்கொள்வார். அக்காவுக்கு அங்கே திரை முழுக்க அவர் காதுதான் தெரியும்.

"நைனா! உன் காது தெரியுது நைனா, மூஞ்சியக் காட்டு!"

"இன்னாம்மா?"

"காதுல இன்னா இவ்ளோ முடி? டேய் தம்பி, வெட்டி விட மாட்டியா, கரடி மாதிரி கீறாரு!"

நான் போனை வாங்கித் தள்ளிப் பிடிப்பேன். அதற்குப் பிறகுதான் நைனா அவளைப் பார்ப்பார். பார்த்ததும் அவர் முகத்தில் ஒரு பெருமை வரும். அக்கா திரையில் பளபளவென்று இருப்பாள். கன்னத்தில் ஒரு சுருக்கம் கிடையாது. கண் பெரிதாக, உதடு சிவப்பாக. ஐம்பத்தைந்து வயதுப் பெண் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

"பாத்தியாடா, உங்கக்கா அங்க போயி எப்டி ஆயிட்டா. வயசே ஏறல. ராணி மாதிரி வச்சிகினு கீறாங்க," என்பார். மைன்ஸ்காரர்களுக்கு வரிசையாகக் கட்டின எங்கள் லைன் வீடுகளுக்கு இடையில் சுவர் மெல்லியது. எல்லோருக்கும் கேட்கட்டும் என்றே சத்தமாகச் சொல்வார்.

ஒரு தடவை அக்கா நெற்றியைத் துடைக்கக் கையை மேலே கொண்டுவந்தாள். கை கறுத்து, வெடித்து, விரல் கணுக்களில் தோல் உரிந்து இருந்தது. அந்த முகமும் அந்தக் கையும் ஒரே ஆளுடையவை மாதிரித் தெரியவில்லை. அக்கா சட்டென்று கையை இறக்கினாள். நைனா கவனிக்கவில்லை. நானும் கேட்கவில்லை. நேரில் இருப்பவர்களிடமே எனக்குக் கேள்வி கேட்கக் கூச்சம்.

இந்தப் போன் வருவதற்கு முன்பே அம்மா செத்துப்போனாள். அக்காவால் வர முடியவில்லை. அப்போது எங்கள் சித்தப்பா, "நான் காட்றேன்" என்று பக்கத்து வீட்டுப் பையனின் போனை வாங்கிக்கொண்டார். அவருக்குப் பெருமை பிடிபடவில்லை. போனைத் தன் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு கூட்டத்துக்குள் நடந்தார். அக்கா பார்த்தது அவர் மூக்கை, கூரை ஓட்டை, யார் யார் காலையோ. அம்மா பக்கத்தில் போவதற்குள் லைன் போய்விட்டது. பிறகு அம்மாவை எடுத்துவிட்டார்கள்.

"சித்தப்பா மூக்கப் பாத்துதான்டா எங்கம்மாவுக்கு அழுதேன்," என்றாள் அக்கா. அதைச் சொல்லிச் சொல்லி வருடக்கணக்கில் அழுதாள். பிறகு என்னிடம் சத்தியம் வாங்கினாள். நைனாவுக்கு ஒன்று ஆனால், முகத்தை நானே காட்ட வேண்டும். வேறு யார் கையிலும் போனைக் கொடுக்கக் கூடாது.

நைனா இந்த வருடம் மழைக்கு முன்னால், ஒரு விடியற்காலை ஆஸ்பத்திரியில் போனார். அக்காவுக்கு அப்போதே சொன்னோம். அந்த வீட்டில் காலை வேலை ஆரம்பித்தால் போனை வாங்கி வைத்துவிடுவார்கள். மதியச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவின பிறகுதான் திருப்பிக் கொடுப்பார்கள். நைனாவை இன்னும் வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கவில்லை.

"மதியம் கூப்பிடுறேன். என்ன வுட்டுட்டு மூடிடாதடா," என்றாள். அவ்வளவுதான், போன் பறிபோய்விட்டது.

அங்கே மதியம் என்றால் இங்கே பொழுது சாய ஆரம்பிக்கும் நேரம். பெரியவர்கள் காத்திருக்க ஒத்துக்கொள்ளவில்லை. "இருட்டறதுக்குள்ள எடுக்கணும்ப்பா, பொணத்த வச்சிகினு போன் வரும், கீன் வரும்னு உக்காந்திருக்க முடியுமா?" என்றார் சித்தப்பா. என் மனைவிதான் போய்க் கேட்டாள்.

"பொறந்த பொண்ணு அவங்க. ஒரு வாட்டி பாக்கட்டுமே மாமா. இன்னா கெட்டுப்போச்சி?"

"போட்டோல பாத்துக்கட்டும்."

என் தலையையும் மீசையையும் மழித்தார்கள். குடம் குடமாக என் தலையில் தண்ணீர் ஊற்றினார்கள். ஈர வேட்டியோடு நான் நெருப்புச் சட்டியைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தேன். எங்களில் பெண்கள் சுடுகாட்டுக்கு வரமாட்டார்கள். லைன் முனையிலேயே நின்றுவிடுவார்கள். என் மனைவி போனைத் தன் தம்பியின் சட்டைப் பையில் வைத்து, "வந்தா மாமா கையில குடு. நீ பேசாத," என்று சொல்லி அனுப்பினாள். அவன் தலையாட்டினான். வழியெல்லாம் அந்தப் போனை வெளியே எடுத்துப் படம் பிடித்துக்கொண்டே வந்தான். பாடைக்கு முன்னால் பின்பக்கமாக நடந்தபடி. ஒரு கல்லில் தடுக்கி என் நெருப்புச் சட்டியின் மேலேயே விழப் பார்த்தான். நைனாவைத் தூக்கிக்கொண்டு போகும்போது எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தவை அந்த மூன்று கண்களும்தான். எச்சில் இலையை மோப்பம் பிடிக்கிற நாய்க்காவது ஒரு பசி இருக்கும். இதற்கு என்ன பசி என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

தங்கம் பிரித்த மண்ணைக் கொட்டின சயனைட் மேட்டைச் சுற்றிக்கொண்டு போனோம். அந்த மண்மலையிலிருந்து காற்றுக்கு மாவு மாதிரித் தூள் பறந்து ஈர உடம்பில் ஒட்டியது. என்னால் முடிந்தது ஒன்றுதான். மெதுவாக நடந்தேன். பின்னால் இருந்து "சீக்கிரம், சீக்கிரம்" என்றார்கள். நான் மெதுவாகவே நடந்தேன்.

குழிப் பக்கம் இறக்கி வைத்தார்கள். எல்லோரும் வாய்க்கரிசி போட்டார்கள். என் தோளில் தண்ணீர்க் குடத்தை வைத்துச் சுற்றி வரச் செய்தார்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் குடத்தில் ஒரு ஓட்டை போடுவார்கள். தண்ணீர் முதுகு வழியாக இறங்கியது. குடத்தைப் போட்டு உடைத்தேன். போன் வரவில்லை.

குழி வெட்டினவர் குரல் கொடுத்தார். "மூஞ்சி பாக்குறவங்க பாத்துக்கோங்க. மூடப் போறோம்."

எங்கள் பக்கம் அது கடைசிப் பார்வை. முகத்தின் மேல் இருக்கிற கோடித் துணியை விலக்குவார்கள். பங்காளிகள் ஒவ்வொருவராக வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். அதன் பிறகு மூடினால் மூடினதுதான். எல்லோரும் பார்த்து முடித்தார்கள். குழி வெட்டினவர் துணியை இழுக்கக் குனிந்தார். நான் நைனாவின் தலைமாட்டில் மண்டி போட்டுத் துணியின் முனையைப் பிடித்துக்கொண்டேன்.

"வுடுப்பா," என்றார்.

நான் விடவில்லை.

"டேய், வுடுடா. எல்லாரும் நிக்கிறாங்க," என்றார் சித்தப்பா. நான் யாரையும் பார்க்காமல் துணியையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரிந்த பிடிவாதம் அவ்வளவுதான். அது எவ்வளவு நேரம் தாங்கியிருக்கும் என்று சொல்ல முடியாது.

அப்போது மச்சான் சட்டைக்குள் போன் பாட ஆரம்பித்தது. அவன் வைத்த சினிமாப் பாட்டு, கல்யாண வீட்டில் ஆடுகிற பாட்டு. சுடுகாட்டில் இருந்த எல்லோரும் திரும்பினார்கள். அவன் ஓடிவந்தான்.

"மாமா, உங்க அக்காதான்! நான் எடுக்கட்டா?"

"வேணாம், குடு," என்று பிடுங்கினேன்.

பச்சை வட்டம் ஒன்று கீழே துள்ளிக்கொண்டிருந்தது. அதை மேலே தள்ள வேண்டும். தள்ளினேன். வழுக்கியது. மறுபடி தள்ளினேன். என் விரல் அங்கே இருப்பதாகவே அது காட்டிக்கொள்ளவில்லை. பச்சை துள்ளிக்கொண்டே இருந்தது. பாட்டு பாடிக்கொண்டே இருந்தது. விரலில் ஈர அரிசியும் அந்தத் தூளும் ஒட்டி, தேய்க்கத் தேய்க்கக் கண்ணாடி முழுக்கச் சேறாகியது. வேட்டியில் துடைத்தேன். வேட்டியும் ஈரம். குனிந்திருந்த என் மொட்டைத் தலையிலிருந்து ஒரு சொட்டு கண்ணாடியில் விழுந்தது. இன்னொரு சொட்டு. பாட்டு நின்றது. அழைப்பு வெட்டுப்பட்டுவிட்டது.

என் நைனாவைப் பார்க்க வந்த பெண்ணை ஒரு சொட்டுத் தண்ணீர் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டது.

"போச்சா? சரி, வுடு. வெளிச்சம் போவுது," என்றார் சித்தப்பா.

அந்தப் போனைத் தூக்கி உடைந்த குடத்தின் மேல் அடிக்க வேண்டும் போல இருந்தது. கை ஓங்கினேனா என்று தெரியவில்லை, மச்சான் என் மணிக்கட்டைப் பிடித்தான். "மாமா, மாமா, இருங்க. திரும்பக் கூப்புடுவாங்க. கைய தொடைங்க மொதல்ல."

எதில் துடைப்பது? எல்லாம் ஈரம், இல்லையென்றால் மண். என் கைக்கு எட்டின காய்ந்த துணி ஒன்றுதான். நைனாவின் மேல் போட்டிருந்த கோடி. நான் அதன் ஓரத்தை எடுத்துத் தலையைத் துடைத்தேன். விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தேன். போனையும் அதிலேயே துடைத்தேன். "அய்ய, இன்னாடா பண்ற," என்று யாரோ சொன்னார்கள். புதுத் துணியின் கஞ்சி வாசனையும் ஊதுவத்தி வாசனையும் என் கையில் ஏறியது.

பாட்டு மறுபடி வந்தது. பச்சையை மேலே தள்ளினேன். திறந்தது.

"ஏன்டா கட் பண்ண? மூடிட்டீங்களா? மூடிட்டீங்களாடா?" என்று அலறினாள்.

"இல்லக்கா. தோ கீறாரு. பாரு."

தலைமாட்டிலிருந்து குனிந்து போனை நைனாவின் முகத்துக்கு நேராகப் பிடித்தேன். திரையின் மூலையில் இருந்த சின்னக் கட்டத்தில் எங்கள் இரண்டு முகமும் தெரிந்தன. முதலில் எனக்கு ஒன்றும் புரியவில்லை. மொட்டைத் தலையோடு இருந்த ஆளுக்கு உதடு ரோஜா நிறம். கன்னம் வெண்ணெய் மாதிரி. அது நான். எனக்குக் கீழே, மூக்கில் பஞ்சோடு, தாடையைத் துணியால் கட்டி, உதட்டுச் சாயம் பூசிய ஒரு கிழவர். சாயம் உதட்டின் மேல் சரியாக உட்காரவில்லை. போன் அசைந்தபோதெல்லாம் அது உதட்டை விட்டு நகர்ந்து நகர்ந்து திரும்ப வந்தது. கன்னத்தில் ஒரு புள்ளி இல்லை. வழவழவென்று இருந்தது.



"டேய், இது யாரு?" என்றாள் அக்கா. அவள் குரல் மாறிவிட்டது. "யார்டா இது? புள்ளி எங்கடா? நைனா புள்ளி எங்க?"

"நைனாதான்க்கா."

"பொய் சொல்லாத. யாரக் காட்டுற? எனக்கு எங்க நைனாவக் காட்டுடா!"

அவள் சத்தம் குழியைச் சுற்றி நின்ற எல்லோருக்கும் கேட்டது. மச்சான் என் தோள்மேல் எட்டிப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"அய்யோ மாமா. நான்தான் காலையில பியூட்டி போட்டு வச்சேன். கடைசியா பாக்குறாங்களே, நல்லா தெரியட்டுமேன்னு…"

அவன் கெட்டவன் இல்லை. அதனால்தான் எனக்கு இன்னும் அதிகமாகக் குமட்டியது. செத்தவர் முகம் நன்றாகத் தெரிவது என்றால் அது என்று அவனுக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

"எடு அத," என்றேன்.

"குடுங்க."

"போன குடுக்க மாட்டேன். நான் புடிச்சிகினு கீறேன். நீ தொட்டு எடு."

நான் பிடித்துக்கொண்டேன். அவன் தன் காய்ந்த விரலை நீட்டி எங்கேயோ தொட்டான், தள்ளினான், மறுபடி தொட்டான். சாயம் போனது. வெண்ணெய் போனது. சாம்பல் நிறத்தில், வறண்ட உதட்டோடு, நைனா வந்தார். புள்ளிகள் ஒவ்வொன்றாக இருந்த இடத்திலேயே இருந்தன.



"கிட்டக் கொண்டு போ," என்றாள் அக்கா. கொண்டுபோனேன். "இந்தப் பக்கம். கண்ணுக்குக் கீழ." அவள் விரல் அங்கே ஒரு கண்ணாடியின் மேல் தடவுகிறது என்று எனக்குத் தெரிந்தது. "பெருசு," என்றாள். "குட்டி." அதற்கு மேல் சொல்ல முடியாமல் உடைந்து அழுதாள்.

அப்போதுதான் அவள் பக்கத்துப் படத்தைப் பார்த்தேன். குரல் கதறிக்கொண்டிருந்தது. முகத்தில் ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. கன்னம் பளபளவென்று, கண் பெரிதாக, உதடு சிவப்பாக, வெள்ளிக்கிழமைகளில் வருகிற அதே முகம். வாய் மட்டும் கோணிக்கொண்டு திறந்து மூடியது. அழுகிற என் அக்காவின் முகத்திலிருந்து அழுகையை மட்டும் வழித்து எடுத்துவிட்டுக் காட்டிக்கொண்டிருந்தது அந்தச் சாமான்.

"அக்கா," என்றேன். எல்லோர் முன்னாலும் அவ்வளவு சத்தமாக நான் பேசியது அதுதான் முதல் தடவை. "நீயும் எடுத்துடு."

அவளுக்குப் புரிந்தது. "வேணாம்டா."

"நைனா பாக்கட்டும்க்கா."

திரை ஒரு நொடி இருண்டு திரும்ப வந்தது. ஒரு கிழவி இருந்தாள். கண்ணுக்குக் கீழே பை தொங்கியது. முன்பல் ஒன்று இல்லை. காதுக்குக் கீழே தாடை நெடுக எண்ணெய் தெறித்த தழும்பு, பழையதின் மேல் புதியது. மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. அம்மாவின் முகம் மாதிரியே இருந்தது.

"என்ன நைனாகிட்ட காட்டு," என்றாள்.

போனை இன்னும் தாழ்த்தி அவர் மூடின கண்களுக்கு நேரே பிடித்தேன். அவள் அவரிடம் என்னவோ சொன்னாள். அது அவர்கள் இரண்டு பேருக்கும் இடையில் இருக்கட்டும். சித்தப்பா இரண்டு அடி பின்னால் தள்ளி நின்றார். குழி வெட்டினவர் மண்வெட்டியின் மேல் சாய்ந்து வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் முழங்கை வழியாக இறங்கின தண்ணீர் கண்ணாடியின் ஓரத்தில் வழிந்தது. லைன் போய்விட்டது. அவள் வெட்டினாளோ, தண்ணீர் வெட்டியதோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நான் கட் பண்ணலடா," என்றாள் அடுத்த வெள்ளிக்கிழமை. "ஆனா பாத்துட்டேன். போதும்."

அன்று குழிப் பக்கத்தில், லைன் போன பிறகு, துணியின் முனையை நானே விட்டேன்.

போன மாதம் ரயிலில் போன் தானாகச் செய்து காட்டின படத்தை அழித்துவிடச் சொல்லி அன்று சாயங்காலமே மச்சானிடம் கொடுத்தேன். அவன் அழித்தான். "ஆனா எங்கியாவது இருக்கும் மாமா. முழுசா போவாது," என்றான். அதற்கு முன்னால் ஒரு தடவை ஓட விட்டுப் பார்த்தேன். சுடுகாட்டுக்குப் போகும்போது எடுத்த நிஜமான முகமும் அந்தப் போனில் இருந்தது. காலையில் பியூட்டி போட்டுச் சரிபார்க்க எடுத்த முகமும் இருந்தது. படம் செய்யும்போது அது தேர்ந்தெடுத்துக்கொண்டது புள்ளி இல்லாத முகத்தை. யாரும் சொல்லாமல், தனக்கு எது பிடிக்குமோ அதை எடுத்துக்கொண்டு நட்சத்திரம் தூவியிருக்கிறது.

நைனா நாலு வருடம் ஒரு பொய்யான முகத்தைப் பார்த்துப் பெருமைப்பட்டார். மகள் ராணி மாதிரி இருக்கிறாள் என்ற நினைப்போடுதான் போனார். அது நல்லதா இல்லையா என்று நான் பாத்திரம் தேய்க்கும்போதெல்லாம் யோசிக்கிறேன். பிடிபடவில்லை. ஆனால் அதற்காக இந்தச் சாமானுக்கு நன்றி சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதன் பளபளப்பைப் பார்த்தால் இப்போதும் எச்சில் ஊறிக் குமட்டுகிறது.

அக்கா வெள்ளிக்கிழமை கூப்பிடுகிறாள். பூச்சு எதுவும் இல்லாமல்தான் வருகிறாள். "கைய தொடச்சிக்கினியா?" என்பதுதான் முதல் கேள்வி. போன வாரம் தாடையைத் திருப்பிக் காட்டினாள். புதுத் தழும்பு ஆறிக் கறுத்திருந்தது. "இன்னும் எரியுதாக்கா?" என்று கேட்டேன். கேட்க எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது, கேட்டுவிட்டேன். "உப்பு வேர்வ பட்டா எரியும்," என்றாள்.

பேசி முடித்ததும் கண்ணாடியைத் துடைத்துக் கவிழ்த்து வைக்கிறேன். கவிழ்த்தால் அந்த மூன்று கண்களும் மேலே பார்த்துக்கொண்டிருக்கும். அவற்றின் மேல் ஒரு துணியைப் போட்டு மூடிவிட்டுத்தான் சாப்பிட உட்காருகிறேன்.